பற்கூழின் காயம் ஆறும் விதம்

பல்லை உயிரற்ற ஒரு கல்துண்டாகவே நம்மில் பலர் எண்ணிவருகிறோம். அதனுள்ளே உயிர் இருப்பது வலியெடுக்கும்போதுதான் நினைவிற்கு வருகிறது. உண்மையில் பல்லின் நடுவே, கடினமான சுவர்களால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு சிற்றறையில், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உயிரணுக்களும் செறிந்த மென்மையான திசு ஒன்று உள்ளது. இதுவே பற்கூழ் எனப்படும். பெரும்பாலான பற்களில் இதன் பருமன் ஒரு துளி நீரின் அளவுகூட இராது. ஆயினும் பல் வளர்வதும், வேர் நீள்வதும், குளிரையும் வெப்பத்தையும் பல் உணர்வதும் இத்துளித் திசுவினாலேயே நிகழ்கின்றன.

கூழைச் சுற்றியுள்ள சுவர் டென்டைன் எனும் பொருளாலானது. அதன்மேல் கவசம்போல் எனாமல் படிந்திருக்கிறது. டென்டைன் கெட்டியாகத் தோன்றினாலும் அதனூடே நுண்குழல்கள் எண்ணற்றவை ஓடுகின்றன. கூழுக்கு அண்மையில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் சுமார் 45,000 குழல்கள் காணப்படும். கூழின் புறவிளிம்பில் அணிவகுத்து நிற்கும் ஒருவகை உயிரணுக்களே டென்டைனை ஆக்குகின்றன. இவற்றை ஓடான்டோபிளாஸ்ட்கள் என்பர். நாம் இங்கு எளிமை கருதி இவற்றைச் சுவராக்கும் அணுக்கள் என்று வழங்குவோம். ஒவ்வோர் அணுவும் தன் வால்போன்ற இழையொன்றை ஒரு குழலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பல் முளைத்து முழுமையடைந்த பின்னரும் இவை தம் பணியை அறவே நிறுத்துவதில்லை. ஆயுள் முழுவதும் மிக மெதுவாக டென்டைனை உட்புறம் பூசிக்கொண்டே இருக்கின்றன. முதியோரின் பற்களில் கூழறை குறுகிக் காணப்படுவது இதனாலேயே.

இச்சுவரில் துளை விழுந்து, கூழ் வெளியுலகைத் தொட்டுவிட்டால் என்ன நேரும்? விளையாட்டில் விழுந்து முன்பல் உடைந்த சிறுவனுக்கும், சொத்தை ஆழமாக அரித்துச் சென்ற பெண்ணுக்கும், சொத்தையைச் சுரண்டும்போது மருத்துவரின் துளைகருவி ஓர் இழை அதிகமாக இறங்கிவிட்ட நோயாளிக்கும் இக்கேள்வி ஒன்றே. திறந்த கூழின்மேல் ஏற்ற மருந்தொன்றை நேராக வைத்து, பல்லை மேலே அடைத்து, கூழை உயிருடன் காக்க முயல்வதையே நேரடிக் கூழ்மூடல் என்கிறோம். பெயர் சிறிது கடினமாயினும் செயல் எளியதே. ஆனால் அச்செயலின் பயனாகக் கூழுக்குள் நிகழ்வது எளியதன்று.

அவநம்பிக்கையின் காலம்

இம்முயற்சி புதியதன்று. பிரஷ்ய மன்னர் மகா பிரடெரிக்கின் பல் மருத்துவராயிருந்த பிலிப் பாஃப் என்பவர் 1756-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், திறந்த கூழின்மேல் படாதவாறு வளைத்த பொன்தகடு ஒன்றை வைத்து மூடும் முறையை விவரித்திருக்கிறார். அதன் பின்னர் வந்தோர் பற்பல பொருள்களை வைத்துப் பார்த்தனர். கூழைச் சுட்டுக் கருக்கியவர்களும் உண்டு. பெரும்பாலும் தோல்வியே கிட்டியமையால், திறந்த கூழ் இழந்த உறுப்பே என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவரிடையே வேரூன்றியது.

இக்கொள்கைக்குக் கூறப்பட்ட காரணமும் பொருத்தமாகவே தோன்றிற்று. உடலின் வேறிடத்தில் காயம் பட்டால் அவ்விடம் வீங்கும், வீங்க இடமுண்டு. கூழுக்கோ சுற்றிலும் கற்சுவர். இரத்தம் உட்செல்லும் வழியும் வேரின் நுனியிலுள்ள மிகச் சிறிய துளையே. ஆகவே, காயத்தினால் வீக்கம் எழுந்தவுடன் அழுத்தம் கூழ் முழுவதும் பரவி, நுனியில் இரத்தக் குழாயையே நெரித்துவிடும். கூழ் தன்னைத்தானே மூச்சுத் திணறச் செய்து மாண்டுபோகும் என்றனர். பின்னாளில் அழுத்தத்தை நுண்ணிய கருவிகளால் அளந்து பார்த்தபோது இக்கருத்து பொய்த்தது. அழற்சியுள்ள இடத்தில் மட்டுமே அழுத்தம் ஏறுகிறது. சற்றுத் தொலைவிலேயே அது இயல்பான நிலையில் இருக்கிறது. பெருகிய நீர்மம் அண்டையிலுள்ள இரத்தக் குழாய்களாலும் நிணநீர்க் குழாய்களாலும் வாங்கிக்கொள்ளப்படுகிறது. எனவே கூழ் சாவதானால் படிப்படியாகவே சாகிறது. அது பிழைப்பதற்கு அவகாசம் உண்டு.

சுண்ணாம்பின் வேலை

கூழ்மூடலில் நம்பிக்கையை மீட்டுத் தந்த பொருள் நம் நாட்டில் வெற்றிலைத் தட்டில் கிடப்பதுதான். ஜெர்மானியப் பல் மருத்துவர் ஹெர்மன் 1920-இல் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் சிகிச்சையில் புகுத்தினார். 1930-இல், அதனால் மூடப்பட்ட உயிர்க்கூழின்மேல் புதிய கடினத் திசு வளர்ந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கால்சியம் ஹைட்ராக்சைடு என்பது நீற்றிய சுண்ணாம்பே. இது மிகுந்த காரத்தன்மை வாய்ந்தது, இதன் பி.எச். அளவு சுமார் 12.5. ஆசிரியர்கள் வகுப்பில் மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பைக் கலந்து அது சிவப்பதைக் காட்டினால், காரம் என்பது யாதென மாணவர்க்கு விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மருத்துவர் பயன்படுத்துவது தூய்மை செய்யப்பட்ட பொடியும் கிருமி நீக்கிய நீரும் ஆகும். வெற்றிலைச் சுண்ணாம்பு அத்தகையதன்று. சொத்தைக் குழியில் சுண்ணாம்பை அப்பினால் ஈறும் உதடும் வெந்துபோகும்; உள்ளிருக்கும் கிருமிகளும் அழியா. புத்தகத்தில் சொல்லியிருக்கிறதே என்று எவரும் இதனை வீட்டில் செய்துபார்க்கலாகாது.

சுண்ணாம்பு கூழைத் தொட்டதும் முதலில் செய்வது அதனைச் சுடுவதாகும். தொட்ட இடத்தில் ஒரு மெல்லிய அடுக்கு உடனே கருகி உயிரிழக்கிறது. இது தீங்கெனத் தோன்றும். ஆயினும் அக்கருகிய அடுக்கின் கீழே உள்ள திசு கடுமையாகத் தாக்கப்படாமல் இலேசாக மட்டும் தூண்டப்படுகிறது. அத்தூண்டுதலே காயம் ஆறும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. இனி அவ்வேலை நாள்வாரியாக எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். இங்குக் குறிக்கும் நாட்கணக்கு விலங்குகளின் பற்களையும், வேறு காரணங்களுக்காகப் பிடுங்கவேண்டியிருந்த மனிதப் பற்களையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து அறிந்ததாகும். நபருக்கு நபர் முன்பின்னாக மாறக்கூடும்.

முதலிரண்டு நாட்களில் காயத்தின் ஓரத்தில் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. இறந்த அணுக்களின் சிதைவுகளையும், உட்புகுந்த டென்டைன் துகள்களையும் அகற்றுவது இவற்றின் பணி. கிருமிகள் இல்லையெனில் இக்கூட்டம் சில நாட்களில் கலைந்துவிடும். அதன்பின் கூழின் உட்புறத்திலிருந்து இளம் உயிரணுக்கள் பெருகிக் காயத்தை நோக்கி நகர்கின்றன. புதிய இரத்த நுண்குழாய்களும் அவற்றோடு வருகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருகிய அடுக்கின் அடியில் கொல்லாஜன் இழைகள் அடர்த்தியாகப் பின்னப்பட்டிருப்பதைக் காணலாம். இவ்விழைகளின்மேல் சுண்ணச் சத்து படியத் தொடங்குகிறது. முதலில் உண்டாகும் இப்படிவம் ஒழுங்கற்றது; குழல்கள் இல்லாதது; எலும்பை ஒத்தது. உயிரணுக்கள் சில அதற்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். இரண்டாம் வாரத்தின் முடிவில் இவ்வொழுங்கற்ற படிவத்தின் கீழ் உயரமான அணுக்கள் வரிசையாக வந்து நிற்பதும், அவை மேலும் ஒழுங்கான, குழல்களையுடைய பொருளைச் சுரப்பதும் தெரியவருகின்றன. ஒரு மாத அளவில் காயத்தின் வாயைக் குறுக்கே அடைத்து நிற்கும் ஒரு தடுப்பு உருவாகிவிடுகிறது. இதற்கு டென்டைன் பாலம் என்று பெயர். எக்ஸ்ரே படத்தில் கண்ணுக்குப் புலப்படும் அளவிற்கு அது தடிக்க இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

பாலத்திலுள்ள சுண்ணம் எங்கிருந்து வந்தது என்பது பலகாலம் விவாதத்திற்குரியதாயிருந்தது. மேலே வைத்த மருந்தே கால்சியம் உப்பாதலால், அதிலிருந்தே வந்திருக்கும் என எண்ணுவது இயல்பு. சியாக்கி, பிசாந்தி என்னும் ஆய்வாளர் இருவர் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு நாய்களின் பற்களில் சோதனை நடத்தி, 1960-லும் 1964-லும் தம் முடிவுகளை வெளியிட்டனர். மருந்தில் கலந்த கதிரியக்கக் கால்சியம் பாலத்தில் காணப்படவில்லை. இரத்தத்தில் செலுத்திய கதிரியக்கக் கால்சியமோ பாலத்தில் காணப்பட்டது. மருந்து செங்கல் கொணரவில்லை. கட்டும்படி ஏவியது மட்டுமே. கட்டியதும், கட்டுவதற்கான பொருளைத் தருவித்ததும் கூழேயாகும்.

புதிய கட்டுநர் யார்?

காயத்தின்போது அவ்விடத்துச் சுவராக்கும் அணுக்கள் அழிந்துவிட்டனவே, பின் பாலம் கட்டியவை எவை? சுவராக்கும் அணு முதிர்ந்தபின் பிளவுபட்டுப் பெருகுவதில்லை. காயம் சிறிதாகி அணுக்கள் உயிர்தப்பியிருந்தால் அவையே வேகமாகச் சுரந்து சுவரைத் தடிக்கச் செய்யும். இதனை எதிர்வினை டென்டைன் என்பர். திறந்த கூழில் நிகழ்வது வேறு. அங்குப் பழைய அணுக்கள் மாண்டு, அவற்றிடத்தில் முற்றிலும் புதியவை தோன்றவேண்டும். அவை ஆக்குவது சீரமைப்பு டென்டைன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலராதலின், பாடம் நடத்துவோர் இவ்வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்குதல் நலம்.

ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய தோழர்களும் குரங்குகளின் பற்களில், பிளவுபடும் அணுக்களை மட்டும் அடையாளமிடும் கதிரியக்கப் பொருளொன்றைப் பயன்படுத்தி, கூழின் ஆழத்திலுள்ள அணுக்கள் பிளவுபட்டுப் பெருகிய பின்னரே காயத்தின் ஓரத்தை அடைந்து சுவராக்கும் அணுக்களைப் போல் உருமாறுவதைக் கண்டனர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகங்களைச் சேர்ந்த கிரான்தோஸ் முதலியோர், வளர்ந்த மனிதரின் பற்கூழிலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, அவை டென்டைனை ஒத்த பொருளை ஆக்கவல்லவை எனக் காட்டினர்.

இவ்வணுக்களை அழைக்கும் ஓசை எது? அது டென்டைனுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. டென்டைன் உருவாகும் காலத்தில் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் சில அதனுள் சிக்குண்டு, வைப்பு நிதிபோல் தங்கிவிடுகின்றன. சுண்ணாம்பின் காரமோ, சொத்தையின் அமிலமோ சுவரைச் சிறிது கரைக்கும்போது இவை விடுதலையாகிக் கூழை அடைகின்றன. பல்லைத் தாக்கும் அமிலமே தற்காப்பிற்கான அழைப்பையும் விடுவிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது.

கிருமியற்ற எலிகள்

இத்துறையில் ஒரே ஒரு சோதனையை மட்டும் வகுப்பில் விளக்க நேரம் இருக்குமாயின், 1965-ஆம் ஆண்டில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் மூவர் வெளியிட்ட சோதனையையே தேர்ந்தெடுக்க வேண்டும். இது அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சிக் கழகத்தில் நடைபெற்றது. கிருமி சிறிதும் புகாத அடைப்புகளில் பிறந்து வளர்ந்த எலிகள் ஒரு தொகுதி. ஏனைய எலிகளைப்போல் சாதாரணமாக வளர்ந்தவை மற்றொரு தொகுதி. இரு தொகுதியிலும் மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்தனர். பின்னர், மருந்து எதுவும் வைக்கவில்லை, அடைக்கவும் இல்லை. திறந்த குழியில் தீனியும் குப்பையும் போய் அடைந்துகொண்டன.

சாதாரண எலிகளில் எட்டாம் நாளிலேயே, உயிருள்ள திசு வேரின் கீழ்ப்பாதியில் மட்டுமே எஞ்சியிருந்தது. பின்னர் கூழ் முழுவதும் அழிந்து, வேரின் நுனியில் சீழ்க்கட்டிகள் தோன்றின. கிருமியற்ற எலிகளிலோ கூழ் அழியவில்லை. தீனித் துணுக்குகள் காயத்தின்மேல் அழுந்திக் கிடந்தபோதிலும், பதினான்காம் நாளில் பாலம் தோன்றத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் அது முழுமையடைந்தது. பாலத்தின் கீழே கூழ் நலமாயிருந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். சுண்ணாம்பு இல்லாமலே கூழ் ஆறியது. பொன்தகடு இல்லாமலே ஆறியது. காயத்தில் அந்நியப் பொருள் கிடந்தும் ஆறியது. கிருமி இருந்தபோது மட்டும் ஆறவில்லை. எனவே ‘எந்த மருந்து கூழை ஆற்றுகிறது’ என்று இருநூறு ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வியே திருத்தப்பட வேண்டியதாயிற்று. ஆறும் ஆற்றல் கூழினிடம் இருக்கிறது. கிருமிகளைக் கூழினின்றும் விலக்கி வைப்பது எவ்வாறு என்பதே கேட்கவேண்டிய கேள்வி. மனித வாயைக் கிருமியற்றதாக்க எவராலும் இயலாது; நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் அங்கு நிலையாக வாழ்கின்றன. ஆகையால் செய்யக்கூடியது ஒன்றே: காயத்தைத் தூய்மைசெய்து, உமிழ்நீர் ஒரு துளியும் கசியாதபடி அடைத்தல்.

பாலத்தில் உள்ள ஓட்டைகள்

எக்ஸ்ரேயில் பாலம் தெரிந்தவுடன் வெற்றி கிட்டியதென மகிழ்வது வழக்கம். அம்மகிழ்ச்சி அவசரமானது என்றே நான் கருதுகிறேன். காக்ஸ் முதலியோர் கால்சியம் ஹைட்ராக்சைடால் மூடிய குரங்குப் பற்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கணக்கின்படி, உண்டான 192 பாலங்களில் 172-இல், அதாவது நூற்றுக்கு 89-இல், மேலிருந்து கீழ்வரை செல்லும் சுரங்கங்கள் காணப்பட்டன. பாலம் வளரும்போது இரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் இருந்த இடங்கள் துளைகளாகவே நின்றுவிடுகின்றன. மேலும், பழைய கால்சியம் ஹைட்ராக்சைடுக் கலவைகள் டென்டைனோடு ஒட்டுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கரைந்தும்போகின்றன. மருந்து கரைந்து, மேலடைப்பும் கசிந்தால், கிருமிகள் சுரங்க வழியே மீண்டும் கூழை அடையும். தொடக்கத்தில் நன்றாயிருந்த பல் சில ஆண்டுகளுக்குப்பின் திடீரெனக் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

பாலமே உண்மையான டென்டைன்தானா என்னும் ஐயமும் எழுந்துள்ளது. ரிக்கூச்சியும் அவருடைய தோழர்களும் 2014-இல் மனிதப் பற்களை ஆராய்ந்து, பாலத்தின் அடியில் இயல்பான சுவராக்கும் அணுக்களின் வரிசை காணப்படவில்லை என்றும், அப்பாலம் நார்த்திசு அணுக்கள் படைத்த ஒரு தழும்பே என்றும் வாதிட்டனர். வேறு சிலர் இதனை ஏற்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. நோயாளியைப் பொறுத்தமட்டில், தழும்பாயினும் அதன் கீழுள்ள கூழ் அழற்சியின்றி உயிரோடிருப்பதே வேண்டுவது.

ஒட்டும் பிசின்களைக் கூழின்மேல் நேராகப் பூசினால் கசிவே இராது என்ற நம்பிக்கை 1990-களில் பரவியது. குரங்குகளிலும் பின்னர் மனிதரிலும் செய்த சோதனைகள் அதனை ஆதரிக்கவில்லை. முழுதும் இறுகாத பிசினின் நச்சுத்தன்மையும், ஈரமும் இரத்தமும் உள்ள இடத்தில் அது சரிவரப் பற்றாமையும் தோல்விக்குக் காரணமாயின.

சிமெண்டு வகைகள்

கட்டடம் கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் உறவினரான பொருளொன்று இப்போது இவ்விடத்தைப் பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபிநெஜாட் என்பவரின் குழுவினர் உருவாக்கிய இப்பொருள் 1993-இல் முதன்முதலாக ஆய்விதழில் இடம்பெற்றது. சுருக்கமாக இதனை எம்.டி.ஏ. என்பர். இதில் கால்சியம் சிலிகேட்டுகளோடு, எக்ஸ்ரேயில் தெரியும்பொருட்டு பிஸ்மத் ஆக்சைடும் சேர்க்கப்பட்டுள்ளது. நீர் பட்டால் இறுகும் தன்மையுடையதாதலால் ஈரமான கூழ் இதற்குத் தடையன்று, துணையே. இறுகும்போது இதிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகி மெல்லக் கசிகிறது. ஆக, பழைய சுண்ணாம்பின் வேலையை இதுவும் செய்கிறது. ஆனால் கரையாமல் நின்று, வாயிலையும் அடைக்கிறது.

1996-இல் பிட் ஃபோர்டு முதலியோர் குரங்குப் பற்களில் இரண்டையும் ஒப்பிட்டனர். எம்.டி.ஏ. வைத்த ஆறு கூழ்களிலும் பாலம் தோன்றியது. ஐந்தில் அழற்சியே இல்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தவற்றுள் இரண்டில் மட்டுமே பாலம் தோன்றியது. அனைத்திலும் அழற்சி இருந்தது. மனிதரிடையே இவ்வளவு பெரிய வேறுபாடு காணப்படவில்லை எனினும், வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் 35 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து 376 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் தோல்வி கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு நூற்றுக்கு 31.5 ஆகவும், எம்.டி.ஏ.-க்கு 19.7 ஆகவும் மதிப்பிடப்பட்டது. எம்.டி.ஏ. விலை மிக்கது, இறுக மணிக்கணக்கில் ஆகும், பிஸ்மத்தினால் பல் கறுத்துவிடுவதும் உண்டு. முன்பல்லில் இது பெருங்குறை. இக்குறைகளை நீக்கிய, விரைவில் இறுகும் வேறு கால்சியம் சிலிகேட்டு வகைகளும் பின்னர் வந்துள்ளன. கடையில் விற்கும் கட்டடச் சிமெண்டு இவற்றிற்கு ஈடாகாது. அதன் தூய்மைக்கும் நுண்மைக்கும் உறுதி இல்லை.

உடைந்த பல்லும் சொத்தைப் பல்லும்

ஒரே சிகிச்சை ஓரிடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வெற்றியும், வேறோரிடத்தில் பெருந்தோல்வியும் தருவதேன்? ஸ்வீடன் நாட்டின் ஸ்வெக் 1978-இல் வெளியிட்ட அறிக்கை, அடிபட்டு உடைந்த 60 முன்பற்களைப் பற்றியது. அவர் காயத்தின் மேற்பரப்பிலுள்ள கூழை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம் மட்டும் சீவியெடுத்து, அதன்மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தார். 96 விழுக்காடு பற்கள் பிழைத்தன. விபத்திற்கும் சிகிச்சைக்கும் இடையே சில பற்களில் பல நாட்கள் கழிந்திருந்தும் இப்பயன் கிட்டியது. உடைந்த பல்லில் கூழ் அதுவரை நலமாக இருந்தது. கிருமிகள் மேற்பரப்பை மட்டுமே தீண்டியிருந்தன.

சொத்தைப் பல்லின் கதை வேறு. அங்குக் கிருமிகளும் அவற்றின் நஞ்சும் திறப்பு நிகழ்வதற்கு முன்னரே குழல்கள் வழியே கூழை எட்டியிருக்கும். ஜெர்மனியில் பார்ட்டெல் முதலியோர், மாணவ மருத்துவர்கள் மூடிய 123 சொத்தைப் பற்களைப் பின்தொடர்ந்து 2000-இல் அறிவித்த கணக்கில், ஐந்தாண்டு கடந்த தொகுதியில் 44.5 விழுக்காடும், பத்தாண்டு கடந்த தொகுதியில் 79.7 விழுக்காடும் தோல்வியுற்றிருந்தன. அதே ஆய்வில், நிலையான அடைப்பு இரண்டு நாட்களுக்குள் வைக்கப்பட்ட பற்கள் சிறந்து விளங்கின என்பதையும் கவனிக்கவேண்டும். அதற்கு நேர்மாறாக, போகனும் தோழர்களும் 2008-இல் எம்.டி.ஏ. கொண்டு மூடிய சொத்தைப் பற்களில் ஒன்பதாண்டு வரை கவனித்து ஏறத்தாழ 98 விழுக்காடு வெற்றி கண்டனர். பல்லை ரப்பர் விரிப்பால் தனிப்படுத்துதல், உருப்பெருக்கியின் துணையால் சொத்தையை முற்றும் நீக்குதல், சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி இரத்தத்தை நிறுத்துதல் ஆகியவற்றை அவர்கள் விடாது கைக்கொண்டனர். இவ்விரு கணக்குகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை மருந்து மட்டுமே உண்டாக்கியதன்று என்பது என் கருத்து.

இரத்தக் கசிவு மருத்துவருக்கு ஒரு நல்ல அறிகுறி. நனைத்த பஞ்சை ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தும் இரத்தம் நிற்கவில்லையெனில், அழற்சி ஆழத்தில் பரவியிருக்கிறது என்பது பொருள். அப்போது வெறும் மூடல் போதாது. கெட்ட பகுதியைச் சீவவேண்டும்.

ஆழ்ந்த சொத்தையில் கூழைத் திறக்காமலே தப்புவது இன்னும் மேலானது. கூழுக்கு அண்மையிலுள்ள மென்மையான சொத்தையைச் சிறிது விட்டுவைத்து, சுற்றுப்புறத்தைத் தூய்மையாக்கி இறுக அடைத்துவிடுவதை ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019-இல் வெளியிட்ட நிலைப்பாடு ஆதரிக்கிறது. உணவு கிட்டாத கிருமிகள் அடைப்பின் கீழே ஒடுங்கிவிடுகின்றன. சொத்தையைத் துளியும் விடாது சுரண்டவேண்டும் எனப் பயின்றவர்களுக்கு இது மனம் ஒப்பாத செய்திதான்.

பள்ளியிலும் கிராமத்திலும் செய்யத்தக்கது

மேலே கூறிய அனைத்தும் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் ஏன் வேண்டும்? எட்டு வயதுச் சிறுவனின் முன்பல்லை எடுத்துக்கொள்வோம். ஏழெட்டு வயதில் முளைக்கும் அப்பல்லின் வேர் முழுமையடையச் சுமார் மூன்றாண்டுகள் ஆகும். வேரை நீட்டுவதும் அதன் சுவரைத் தடிக்கச் செய்வதும் கூழே. எட்டு வயதில் கூழ் மாண்டால் வேர் குட்டையாகவும், சுவர் மெல்லியதாகவும், நுனி திறந்தும் நின்றுவிடும். பின்னாளில் சிறிய அடியிலும் கழுத்தோடு முறியும். கூழைக் காத்தால் வேர் தானே வளர்ந்துகொள்ளும். இளம் பல்லில் வேர்த்துளை அகன்றிருப்பதால் இரத்த ஓட்டம் மிகுதி. ஆறும் ஆற்றலும் மிகுதி.

ஆகவே, விழுந்து பல்லுடைந்த பிள்ளையின் வாயைப் பார்க்கும்போது, உடைந்த பரப்பின் நடுவே இளஞ்சிவப்புப் புள்ளியோ இரத்தத் துளியோ தெரிகிறதா என்று நோக்கவேண்டும். தெரிந்தால் கூழ் திறந்திருக்கிறது. தூய நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடைந்த துண்டைத் தேடி எடுத்து நீரிலோ பாலிலோ இட்டு, பிள்ளையை அன்றோ மறுநாளோ பல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். அத்துண்டை மீண்டும் ஒட்டவைக்க இயலும். வலி குறைந்துவிட்டதே என்று காத்திருப்பது கூடாது. கூழ் சாகும்போதும் வலி குறையும். கிராம்புத் தைலம், சுண்ணாம்பு, புகையிலை, மஞ்சள் ஆகிய எதனையும் புண்ணில் வைக்கலாகாது. பல் உடையாமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் அது முற்றிலும் வேறான அவசரம். அதற்குரிய முறைகளும் வேறு.

மூடல் செய்த பிள்ளைக்குப் பெற்றோர் கவனிக்கவேண்டியவை சில. குளிர்ந்த நீர் பட்டு ஒரு கணம் கூசி மறைவது பொதுவாக அச்சந்தராது. காரணமின்றி எழுந்து நெடுநேரம் நிற்கும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் கொப்புளம், பல் நிறம் கறுத்தல் ஆகியவை தோன்றினால் தாமதியாது மீண்டும் மருத்துவரிடம் செல்லவேண்டும். மேலடைப்பு உடைந்தாலும் உதிர்ந்தாலும் வலி இல்லாவிடினும் அன்றே செல்லவேண்டும். தொந்தரவு எதுவும் இல்லாத பிள்ளையையும் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் பார்க்கவேண்டும். அப்போது மருத்துவர் குளிர் கொண்டு பல்லின் உணர்வைச் சோதிப்பார்; எக்ஸ்ரே எடுத்து, வேரின் நுனியில் கருமை படர்ந்திருக்கிறதா என்றும், அடிபட்ட பல்லின் வேர் பக்கத்திலுள்ள இணைப்பல்லின் வேரோடு ஒத்து நீண்டிருக்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பார்ப்பார். விபத்து நடந்த நாளையும் மணியையும் பள்ளிப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தால் அவ்வொப்பீட்டிற்கு மிகவும் உதவும்.